டிராக் மாறும் இடத்தில் 'டொக்': கோப்பா, பிளேயரா, டாக்கா?

மார்ச் 4, இரவு 9.12 | ஓட்டைஸ்பீக்கர்

இடைவிடாமல் ஓடும் நேரடிக் கச்சேரி ஆல்பம், 14 டிராக். கம்ப்யூட்டரில் ஃபூபார்2000 என்ற பிளேயர் மென்பொருளில் கேட்டால் தங்குதடையில்லாமல் போகிறது. அதே எம்பி3 கோப்புகளைக் கையடக்க பிளேயரில் போட்டால் ஒவ்வொரு டிராக் முடிவிலும் கைதட்டல் அறுந்து 'டொக்' என்று ஒரு சத்தம். 320 கிலோபிட், லேம் என்கோடர் (எம்பி3 ஆக்கும் மென்பொருள்). பிளேயரில் இருக்கும் டாக் சிப் (எண்களை ஒலி சிக்னலாக்குவது) மட்டம், அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வெளி டாக் ஒன்று மாட்டினால் தீர்ந்துவிடும்தானே?

மார்ச் 4, இரவு 9.40 | 588

தீராது. டாக் சிப்புக்கு டிராக் என்ற ஒன்றே தெரியாது. அதற்குள் வருவது சாம்பிள்களின், அதாவது ஒலியை வினாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்த எண்களின், வரிசை மட்டும். நடுவில் வெற்றுச் சாம்பிள் வந்தால் அதையும் விசுவாசமாக வாசிக்கும். விலை கூடிய டாக் அந்த மௌனத்தை இன்னும் சுத்தமாக வாசிக்கும், அவ்வளவுதான்.

கோளாறு எம்பி3-யின் கட்டமைப்பில் இருக்கிறது. எம்பி3 ஒரு ஃபிரேமுக்கு (துண்டுக்கு) 1152 சாம்பிள் என்று மொத்தமாகத்தான் அடைக்கும், பாதி ஃபிரேம் கிடையாது. லேம் என்கோடர் தொடக்கத்தில் 576 சாம்பிள் தாமதம் சேர்க்கிறது. டிகோடர் (கோப்பை மறுபடி ஒலியாக விரிப்பது) தன் பங்குக்கு 529 சேர்க்கும். கடைசி ஃபிரேமை நிரப்ப வாலில் பூஜ்யங்கள்.

4 நிமிட டிராக் ஒன்றை எடுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் 1,05,84,000 சாம்பிள். 576-ஐக் கூட்டினால் சரியாக 9188 ஃபிரேம். ஆனால் டிகோடர் தாமதத்தில் கடைசிச் சாம்பிள்கள் தொலைந்துவிடக் கூடாது என்று லேம் இன்னொரு முழு ஃபிரேம் போடும், ஆக 9189. விரித்தால் 1,05,85,728 சாம்பிள். மூலத்தைவிட 1728 அதிகம், அதாவது 39 மில்லிவினாடி. டிராக் நீளத்தைப் பொறுத்து இது 26 முதல் 52 மில்லிவினாடி வரை மாறும். பாட்டு மெல்லத் தேய்ந்து முடிகிற ஆல்பத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். கைதட்டலுக்கு நடுவில் விழுந்தால் காதில் குத்தும்.

மார்ச் 4, இரவு 9.47 | பிட்டுக்குப்பிட்டு

ஃபிளாக் (இழப்பில்லாமல் சுருக்கும் வடிவம்) போடுங்கள். கதை முடிந்தது.

மார்ச் 4, இரவு 10.05 | மூலைவூஃபர்

கிராஸ்ஃபேட் (ஒரு டிராக் தேயத் தேய அடுத்தது ஏறுவது) 2 வினாடி வைத்தால் 'டொக்' போய்விடும். கச்சேரியில் 2 வினாடியும் சேர்ந்து போகும், அது வேறு விஷயம் 😀

மார்ச் 5, காலை 7.20 | 588

கிராஸ்ஃபேட் வேண்டாம். டிராக் 3-இன் வாலும் டிராக் 4-இன் தலையும் ஒன்றின்மேல் ஒன்று விழும், தாளம் இரட்டிக்கும். தொடர்ச்சியான இசைக்கு 'டொக்'கைவிட அது மோசம்.

ஃபூபாரில் ஏன் சரியாக வருகிறது என்பதைச் சொல்லாமல் விட்டேன். லேம் என்கோடர், கோப்பின் முதல் ஃபிரேமில் ஒலிக்குப் பதிலாக ஒரு தகவல் குறிப்பு எழுதி வைக்கிறது. முன் தாமதம் எத்தனை சாம்பிள், பின் நிரப்பல் எத்தனை சாம்பிள், இரண்டுக்கும் 12 பிட் வீதம் இடம். அதைப் படிக்கும் பிளேயர் அந்த அளவை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டும். படிக்காத பிளேயர் எல்லாவற்றையும் வாசிக்கும். கோப்பு ஒன்றுதான், நடத்தை இரண்டு.

குறிப்பு கோப்பில் இல்லாமலும் போகலாம். 'வேரியபிள் பிட்ரேட் நீளத்தைச் சரிசெய்கிறேன்' என்று வரும் சில கருவிகள் கோப்பின் தலைப்பகுதியை மறுபடி எழுதும்போது லேம் பகுதியை விட்டுவிடும். பெரிய எம்பி3 ஒன்றை மறு என்கோட் செய்யாமல் துண்டுபோட்டாலும் பழைய குறிப்பு பொருந்தாது. துண்டுபோட்டதில் இன்னொரு கோளாறும் உண்டு. எம்பி3 ஃபிரேம் தன் தரவில் ஒரு பகுதியை, 511 பைட் வரை, முந்தைய ஃபிரேம்களில் ஒளித்து வைக்கலாம். வெட்டினால் முதல் ஃபிரேமுக்கு அந்தத் தரவு கையில் இருக்காது. ஊமையாகிவிடும்.

மார்ச் 5, காலை 8.02 | ஓட்டைஸ்பீக்கர்

அப்படியானால் குற்றவாளி கோப்பா பிளேயரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காதால் கேட்டுச் சொல்ல முடியவில்லை.

மார்ச் 5, மதியம் 1.15 | 588

இசையை வைத்துச் சோதிக்காதீர்கள். சைன் அலை வேண்டும்.

ஆடாசிட்டியில் (ஒலித் திருத்த மென்பொருள்) புராஜெக்ட் ரேட் 44100. டோன் உருவாக்கி: சைன், 441 ஹெர்ட்ஸ், வீச்சு 0.5, நீளம் 20 வினாடி. 441 எதற்கென்றால், ஒரு சுற்றுக்குச் சரியாக 100 சாம்பிள், கணக்குப் பார்க்க வசதி. 7.3-ஆவது வினாடியில் ஒரு லேபிள், தொடக்கத்தில் ஒன்று. 7.3-இல் அலை உச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கும், அதுதான் வேண்டும். பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் வெட்டினால் சின்ன இடைவெளி மென்மையாகப் போய்க் காதை ஏமாற்றும். லேபிள் வாரியாக இரண்டு ஃபிளாக் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். அந்த இரண்டையும் லேமில் தனித்தனியாக எம்பி3 ஆக்குங்கள். பெயர் 01, 02 என்று எண்ணில் தொடங்கட்டும்.

ஃபிளாக் ஜோடியை முதலில் வாசியுங்கள். ஃபிளாக்கில் முன் தாமதமும் இல்லை, பின் நிரப்பலும் இல்லை, சாம்பிள் எண்ணிக்கை அப்படியே இருக்கும். அதிலேயே 'டொக்' வந்தால் கோப்பைக் குறை சொல்ல முடியாது. பிளேயர் மென்பொருள் அடுத்த டிராக்கை முன்கூட்டித் திறப்பதில்லை, அல்லது அதற்குப் பின்னால் இருக்கும் கருவி இடையில் மௌனமாகிறது. ஃபிளாக் சுத்தம், எம்பி3-இல் மட்டும் 'டொக்' என்றால் பிளேயர் லேம் குறிப்பைப் படிக்கவில்லை.

அளவு தெரிய வேண்டுமென்றால் பிளேயரின் ஹெட்ஃபோன் வெளியீட்டை கம்ப்யூட்டரின் லைன் இன்-இல் கொடுத்துப் பதிவு செய்து, மௌனத்தை ஆடாசிட்டியில் தேர்ந்தெடுத்து நீளம் பாருங்கள். இரண்டு கருவிகளின் கடிகாரமும் கொஞ்சம் வேறுபடும். 40 மில்லிவினாடி தூரத்தில் அது ஒரு பொருட்டே இல்லை. வால்யூமைப் பாதிக்குக் கீழே வைத்துத் தொடங்குங்கள், லைன் இன் நிரம்பி வழிந்தால் விளிம்பு மங்கிவிடும்.

மார்ச் 5, மாலை 6.31 | பிட்டுக்குப்பிட்டு

மேலே சொன்ன சோதனையில் ஒரு பொறி இருக்கிறது. லேம் குறிப்பைச் சரியாகப் படிக்கும் பிளேயரில்கூட சைன் அலையின் ஒட்டில் மெல்லிய 'டிக்' வரும். இரண்டு கோப்பையும் தனித்தனியாக என்கோட் செய்தால், முதல் கோப்பின் முடிவில் அலை திடீரென்று மௌனத்தில் விழுவதாகவே என்கோடர் நினைக்கும். அந்த வெட்டின் சிதறல் விளிம்புக்கு இந்தப் பக்கமும் பரவும். சாம்பிள் எண்ணிக்கை சரியாக இருக்கும், ஒட்டில் அலைவடிவம் மட்டும் கொஞ்சம் நெளிந்திருக்கும். பிளேயர்மேல் பழிபோட்டுவிடாதீர்கள். பதிவில் மௌனமே இல்லாமல் ஒரு சுருக்கம் மட்டும் தெரிந்தால் இதுதான்.

லேமில் 'நோகேப்' என்று ஒரு விருப்பம் உண்டு. ஆல்பத்தின் எல்லாக் கோப்புகளையும் ஒரே கட்டளையில் கொடுத்தால் ஒன்றின் தொடர்ச்சியாக அடுத்ததை என்கோட் செய்யும். பல முகப்பு மென்பொருள்கள் அதைத் தொடுவதே இல்லை, கோப்புக்கு ஒரு லேம் என்று நான்கு கோரில் ஒரே நேரத்தில் ஓட்டிவிடும். வேகம்தான், ஒட்டு போச்சு.

மார்ச் 6, இரவு 8.50 | ஓட்டைஸ்பீக்கர்

ஃபிளாக் ஜோடி: சத்தமே இல்லை, ஒரே அலை.
எம்பி3 ஜோடி: மௌனம் கிட்டத்தட்ட 66 மில்லிவினாடி. 26-இலிருந்து 52-க்குள் என்றீர்களே?

மார்ச் 6, இரவு 9.10 | 588

66 என்பதே பதில். 7.3 வினாடி என்றால் 3,21,930 சாம்பிள். 576 கூட்டி ஃபிரேம் கணக்குப் போட்டால் பின் நிரப்பல் 1206 வரும். மொத்த மிகை 1782, அதாவது 40.4 மில்லிவினாடி. மிச்சம் 26.1 எங்கிருந்து வந்தது? சரியாக ஒரு ஃபிரேம், 1152 சாம்பிள். உங்கள் பிளேயர் லேம் குறிப்பைப் படிக்காததோடு, குறிப்பு இருக்கும் அந்த முதல் ஃபிரேமையும் ஒலி என்று நினைத்து வாசிக்கிறது. அதற்குள் ஒலி இல்லாததால் மௌனம். 40.4 + 26.1 = 66.5.

ஃபர்ம்வேர் புதுப்பிப்பு இருந்தால் பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பிளேயரில் எம்பி3 இப்படித்தான்.

மார்ச் 6, இரவு 9.33 | மூலைவூஃபர்

ஆக, குறிப்பை எழுதி வைத்தவன் சாமர்த்தியசாலி. அதை வாசிக்கச் சொன்னதும் இவர் 'வாசித்தே' விட்டார்.

மார்ச் 7, காலை 6.58 | பிட்டுக்குப்பிட்டு

சிடி கையில் இருந்தால் மறுபடி ரிப் செய்து (கம்ப்யூட்டருக்கு நகலெடுத்து) ஃபிளாக். 74 நிமிட சிடி சுருக்கப்படாமல் 783 மெகாபைட். ஃபிளாக்கில் பெரும்பாலும் அதில் பாதிக்கும் முக்கால்வாசிக்கும் இடையில் வரும். 320 எம்பி3 என்றால் 178 மெகாபைட். இன்றைய மெமரி கார்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

சிடி இல்லை, எம்பி3 மட்டும்தான் என்றால் வழக்கமாக நாங்கள் திட்டும் வேலையைத்தான் செய்ய வேண்டும்: எம்பி3-ஐ ஃபிளாக் ஆக்குவது. தரம் இம்மியும் கூடாது, கோப்பு மூன்று மடங்காகும். ஆனால் ஃபூபார் விரிக்கும்போதே லேம் குறிப்பைப் பார்த்து வெட்டிவிடுவதால், கிடைக்கும் ஃபிளாக்கில் மிகைச் சாம்பிள் இருக்காது. எம்பி3-ஐ ஃபிளாக் ஆக்க நியாயமான காரணம் ஒன்று உண்டென்றால் இதுதான். கோப்பின் பெயரிலோ குறிப்புரையிலோ 'மூலம் எம்பி3' என்று எழுதி வையுங்கள், பின்னால் யாரும் ஏமாறாமல் இருக்க.

ஒன்று கவனம். எம்பி3 விரியும்போது உச்சங்கள் முழு அளவைத் தாண்டிப் போகும். சத்தமாக மாஸ்டர் செய்த ஆல்பத்தில் இது சாதாரணம். ஃபிளாக் முழு எண்களைத்தான் சேமிக்கும், தாண்டியது அப்படியே மொட்டையாகும். மாற்றும்போது 2 டெசிபெல் குறைத்துக்கொள்ளுங்கள். எல்லா டிராக்குக்கும் அதே 2. ஒன்றுக்கு 2, இன்னொன்றுக்கு 1.5 என்று போனால் ஒட்டில் சத்தம் படியேறும்.

மார்ச் 7, காலை 9.26 | ஓட்டைஸ்பீக்கர்

ஏஏசி, ஓபஸ் வடிவங்கள் இரண்டையும் இந்தப் பிளேயர் எடுக்கும். ஃபிளாக்குக்குப் பதில் அதில் போட்டால்?

மார்ச் 7, காலை 11.04 | 588

இரண்டிலும் தாமதம் உண்டு, ஆனால் அதைச் சொல்லும் முறை வேறு.

ஏஏசி ஃபிரேம் 1024 சாம்பிள். ஆப்பிள் என்கோடர் முன்னால் 2112 சாம்பிள் வைக்கும், 48 மில்லிவினாடி. எஃப்எஃப்எம்பெக் மென்பொருளின் சொந்த என்கோடர் 1024. இந்த எண் எம்4ஏ பெட்டிக்குள் (ஏஏசி ஒலியைச் சுமக்கும் கோப்பு வடிவம்) டேக்காகவோ எடிட் பட்டியலாகவோ போகும். பிளேயர் எதைப் படிக்கிறது என்பது அதன் இஷ்டம். பெட்டி இல்லாத வெறும் ஏஏசி கோப்பில் எழுதவே இடமில்லை, அதைத் தொடாதீர்கள்.

ஓபஸில் எத்தனை சாம்பிளைத் தவிர்க்க வேண்டும் என்பது கோப்பின் தலைப்பகுதியிலேயே கட்டாயமாக இருக்கும். சாதாரணமாக 312, அதாவது 48 கிலோஹெர்ட்ஸில் 6.5 மில்லிவினாடி. முடிவு எங்கே என்பதைக் கடைசிப் பக்கத்தின் நிலை எண் சொல்லும். வோர்பிஸ் வடிவமும் முடிவை இப்படித்தான் வெட்டும். பின்னால் ஒட்டவைத்த குறிப்பு இல்லை, வடிவத்தின் விதியே அது. அதனால் சரியாக எழுதிய டிகோடரில் பிசகாது. எம்பி3-யின் மூல விதியில் இப்படி ஒரு இடமே இல்லாததுதான் எல்லா வம்புக்கும் வேர்.

ஓபஸ் 44.1-ஐ 48 ஆக்கித்தான் வைக்கும், அதில் கேட்கும்படி இழப்பு இல்லை. சோதனைக் கோப்பு கையில் இருக்கிறதே, இரண்டிலும் ஆக்கிப் பாருங்கள்.

மார்ச் 8, மாலை 5.45 | மூலைவூஃபர்

இங்கே வேறு வகை நோய். கம்ப்யூட்டரிலிருந்து ஆப்டிகல் கேபிளில் ரிசீவர். ஃபிளாக்தான். டிராக் மாறினால் ஒரு வினாடி மௌனம், அடுத்த பாட்டின் முதல் சொல் காணாமல் போகிறது. மில்லிவினாடிக் கணக்குக்கெல்லாம் இங்கே வேலை இல்லை.

மார்ச் 8, மாலை 6.20 | 588

ரிசீவர் முகப்பில் சாம்பிள் ரேட் காட்டும் எழுத்து டிராக் மாறும்போது அணைந்து எரிகிறதா? எரிந்தால் சிக்னலே துண்டிக்கப்படுகிறது. ரிசீவர் மறுபடி கடிகாரத்தைப் பிடித்து, பிசிஎம்மா (சுருக்காத சாம்பிள்) டால்பியா (சுருக்கியது) என்று பார்த்து, ரிலேயைத் திறக்க ஒரு வினாடி எடுத்துக்கொள்கிறது. எச்டிஎம்ஐ வழியில் இன்னும் கூடும்.

ஒரே ஆல்பத்தில் எல்லா டிராக்கும் 44.1 என்றால் துண்டிக்கக் காரணமே இல்லை. உங்கள் பிளேயர் மென்பொருள் பிரத்தியேக முறையில் (ஒலிச் சாதனத்தைத் தனக்கே வைத்துக்கொள்வது) ஒவ்வொரு டிராக்குக்கும் சாதனத்தை மூடித் திறக்கிறது. பகிர்வு முறைக்கு மாற்றிப் பாருங்கள். அதில் சிஸ்டம் மிக்ஸர் ஓட்டத்தை விடாமல் பிடித்திருக்கும். சரியானால் நோய் தெரிந்துவிட்டது. மிக்ஸரை 44.1-இல் வையுங்கள், 48-இல் விட்டால் தேவையில்லாமல் ரீசாம்பிள் ஆகும்.

44.1-உம் 48-உம் கலந்த பட்டியல் என்றால் துண்டிப்பு தவிர்க்க முடியாதது. ஒரே ரேட்டுக்கு ரீசாம்பிள் செய்து அனுப்புவது ஒன்றே வழி. 'பிட் மாறக் கூடாது' என்று பிடிவாதம் பிடித்தால் முதல் சொல் போகும்.

நெட்வொர்க் வழியாக யூபிஎன்பி விதிமுறையில் கேட்பவர்களுக்கு: அடுத்த டிராக்கின் முகவரியை முன்கூட்டியே கொடுக்கும் கட்டளை அந்த விதிமுறையில் விருப்பத்துக்கு விடப்பட்டது. பிளேயர், கட்டுப்படுத்தும் ஆப் இரண்டும் அதை ஆதரித்தால்தான் இடைவெளி போகும்.

மார்ச் 8, இரவு 7.02 | மூலைவூஃபர்

எழுத்து அணைந்து எரிந்தது. பகிர்வு முறையில் நின்றுவிட்டது. முதல் சொல் திரும்பக் கிடைத்தது, பாடகர் சார்பில் நன்றி.

மார்ச் 9, காலை 10.15 | பிட்டுக்குப்பிட்டு

ஒட்டில் மௌனமும் இல்லை, 'டொக்'கும் இல்லை, ஆனால் சத்தம் சட்டென்று ஏறி இறங்குகிறது என்றால் ரீப்ளேகெயினை (பாட்டுகளின் சத்தத்தைச் சமப்படுத்தும் வசதி) பாருங்கள். டிராக் முறையில் ஒவ்வொரு டிராக்கும் தனியாகச் சமன் ஆகும். அமைதியான ஆலாபனை டிராக்குக்கு கெயின் ஏறியிருக்கும், உரத்த டிராக்குக்கு இறங்கியிருக்கும். தொடர் ஆல்பத்துக்கு ஆல்ப முறைதான். பட்டியலைக் கலைத்துப் போட்டுக் கேட்கும்போது மட்டும் டிராக் முறை.

ஓபஸ் கோப்புகளைக் கலந்து வைப்பவர்களுக்கு ஒரு வால்: ஓபஸின் சொந்த கெயின் டேக் −23 லஃப்ஸை (சத்தத்தை அளக்கும் அலகு) அடிப்படையாகக் கொண்டது, ரீப்ளேகெயின் 2 −18-ஐ. இதைக் கணக்கில் எடுக்காத பிளேயரில் ஓபஸ் மட்டும் 5 டெசிபெல் அடங்கி ஒலிக்கும்.

மார்ச் 9, மதியம் 12.40 | ஓட்டைஸ்பீக்கர்

ஃபிளாக்குக்கு மாறியாச்சு, 'டொக்' இல்லை. புது வம்பு: தமிழில் பெயர் வைத்த டிராக்குகள் வரிசை மாறி ஓடுகின்றன. சிலவற்றுக்குப் பெயர் கட்டம் கட்டமாக.

மார்ச் 9, மதியம் 1.08 | 588

கட்டம் வந்தால் பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லை. அதற்கு மருந்து கிடையாது.

வரிசைக்கு உண்டு. எளிய பிளேயர்கள் பல, கார்டில் கோப்புகள் எழுதப்பட்ட வரிசையிலேயே வாசிக்கும், பெயரைப் பார்க்காது. முழு ஆல்பத்தையும் இழுத்துப் போட்டால் கம்ப்யூட்டர் தன் வசதிக்கு ஏற்ற வரிசையில் எழுதும். பெயர் முன்னால் 01, 02, 03 வையுங்கள். வெறும் 1, 2 வைத்தால் 10 வந்து 2-க்கு முன்னால் உட்காரும். பிறகு ஃபோல்டரை அழித்துவிட்டு, வரிசையாக ஒவ்வொன்றாக நகலெடுங்கள், அல்லது ஃபேட் (கார்டின் கோப்பு அட்டவணை) வரிசைப்படுத்தும் கருவி ஒன்றை ஓட்டுங்கள்.

பெயர் பாதியில் வெட்டுப்படுவது பழைய எம்பி3 கோப்புகளில் மட்டும் என்றால், பிளேயர் ஐடி3 டேக்கின் (கோப்புக்குள் இருக்கும் பெயர்க் குறிப்பு) முதல் பதிப்பைப் படிக்கிறது. அதில் தலைப்புக்கு 30 பைட்தான். தமிழில் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8-இல் 3 பைட், 'கொ' என்பது இரண்டு குறி, 6 பைட். பத்துக் குறியில் தலைப்பு தீர்ந்துவிடும். 2.3 பதிப்பில், யூடிஎஃப்-16-ஆக எழுதுங்கள். 2.4-ஐத் தெரியாத பிளேயர்கள் இன்னும் இருக்கின்றன.

மார்ச் 10, இரவு 9.55 | மூலைவூஃபர்

இதே ஃபிளாக்குகளை சிடியில் எரித்தால் இடைவெளி வருமா? 588 என்று பெயர் வைத்தவரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

மார்ச் 10, இரவு 10.30 | 588

வரலாம், இரண்டு காரணத்தால். எரிக்கும் முறை 'டிராக் அட் ஒன்ஸ்' என்றால் டிராக்குகளுக்கு நடுவே 2 வினாடி விழும். 'டிஸ்க் அட் ஒன்ஸ்' தேர்ந்தெடுங்கள், இடைவெளி 0 என்று வையுங்கள்.

இரண்டாவது, சிடியின் ஒரு செக்டர் 588 சாம்பிள், வினாடிக்கு 75 செக்டர். டிராக் எல்லை செக்டர் எல்லையில்தான் விழ முடியும். சிடியிலிருந்து ரிப் செய்த கோப்புகளின் நீளம் 588-ஆல் மீதமின்றி வகுபடும், பிரச்சினை இல்லை. எம்பி3-யிலிருந்து வந்தவையும் லேம் குறிப்புப்படி சரியாக வெட்டப்பட்டிருந்தால் அப்படியே. கையால் வெட்டியவை வகுபடாது. எரிக்கும் மென்பொருள் மிச்சத்தைப் பூஜ்யத்தால் நிரப்பும், அதிகபட்சம் 587 சாம்பிள், 13 மில்லிவினாடி, மறுபடி 'டொக்'. எஸ்எச்என்டூல் என்ற கருவியில் இதற்கென்றே ஒரு சரிசெய்யும் வசதி இருக்கிறது: மிச்சத்தை அடுத்த டிராக்குக்குத் தள்ளிவிடும்.

ரிப் செய்யும் டிரைவின் ஆஃப்செட் (படிக்கும் இடம் சில சாம்பிள் முன்பின் நகர்வது) பிசகினால் இடைவெளி வரும் என்று சொல்வார்கள். வராது. +6 ஆனாலும் +667 ஆனாலும் எல்லா வெட்டுகளும் ஒரே அளவு நகர்கின்றன, ஒட்டு ஒட்டாகவே இருக்கும். நட்டம் வட்டின் முதல் நுனியிலும் கடைசி நுனியிலும் மட்டும்.

மார்ச் 12, காலை 7.44 | பிட்டுக்குப்பிட்டு

டிஎஸ்டி (ஒலியை ஒற்றை பிட்களின் வரிசையாக வைக்கும் முறை) கோப்பு வைத்திருப்பவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். அங்கே வருவது 'டொக்' அல்ல, 'டப்'. டிஎஸ்டியைச் சுமக்கும் டிஎஸ்எஃப் கோப்பு ஒரு சேனலுக்கு 4096 பைட் கட்டங்களாக எழுதப்படும். கடைசிக் கட்டத்தின் மிச்சம் பூஜ்யத்தால் நிரம்பும். பிசிஎம்மில் பூஜ்யம் மௌனம். டிஎஸ்டியில் தொடர் பூஜ்யம் என்றால் எதிர்த்திசையில் முழு வீச்சு. மௌனத்துக்கு அங்கே 01101001 போல ஒன்றும் பூஜ்யமும் சமமாக வரும் வரிசை வேண்டும். கோப்பின் தலைப்பகுதியில் உண்மையான சாம்பிள் எண்ணிக்கை இருக்கிறது, அதைப் பார்க்காமல் கட்டம் முழுதும் அனுப்பும் பிளேயர் ஸ்பீக்கரை ஒரு தள்ளுத் தள்ளும். 2.8224 மெகாஹெர்ட்ஸில் ஒரு கட்டம் 11.6 மில்லிவினாடி, ட்வீட்டருக்கு நல்லதல்ல. டிஎஸ்டியின் இன்னொரு கோப்பு வடிவமான டிஎஸ்டிஐஎஃப்எஃப்பில் இந்தக் கட்ட நிரப்பல் கிடையாது. மாற்றும்போது கருவி அந்த மிச்சத்தை வெட்டுகிறதா என்று ஒரு கோப்பில் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். அதுவரை டிராக் மாறும் நேரத்தில் வால்யூமைக் குறைத்தே வையுங்கள்.